வாசகர் கேள்வி – பதில்: வளாகத்தில் நிறம் பார்க்கப்படும்போது

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியவை. பிள்ளைகள் கனடா, இங்கிலாந்து, அமெரிக்கா, இந்தியா என்று படிக்கப் போய்விட்டார்கள். அங்கே தங்களோடு படிக்கும் கறுப்பின மாணவர்களுக்கு நடப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சொல்கிறார்கள், வீட்டார் எங்களுக்கு எழுதுகிறார்கள். தனியார் விபரங்களை நீக்கி, கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் ஒன்ராறியோவில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். அறைத்தோழி கானா நாட்டுப் பிள்ளை. இரவில் இருவரும் நூலகத்தில் இருந்தால் காவலாளி அந்தப் பிள்ளையின் அடையாள அட்டையை மட்டும் கேட்கிறாராம், மகளிடம் கேட்பதில்லையாம். இது இனவாதமா, தற்செயலா? மகள் இதில் தலையிட்டால் அவளுக்குப் பிரச்சினை வருமா?
– ஒரு தந்தை, மானிப்பாய்

பதில்: ஐயா, ஒருதரம் நடந்தால் தற்செயல் என்று விடலாம். இரண்டு பேர் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் இருக்க, ஒருவரிடம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் அதைத் தற்செயல் என்று சொல்ல இடமில்லை. பாகுபாட்டு வழக்குகளில் முதலில் தேடப்படுவது ஒப்பிட ஓர் ஆள்: அதே நிலைமையில் இருந்தும் வேறு விதமாக நடத்தப்பட்டவர். இங்கே அந்த ஆள் உங்கள் மகள்தான். ஆகவே அவளுடைய சாட்சியம் சும்மா ஒரு தோழியின் ஆறுதல் வார்த்தையாக இருக்காது, முறைப்பாட்டின் முதுகெலும்பாக இருக்கும்.

இப்படி நடப்பது புதிதில்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், தன் விடுதியின் பொதுக்கூடத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்து கண்ணயர்ந்த ஒரு கறுப்பினப் பட்டப்பின் மாணவியைக் கண்டு, அதே விடுதியில் இருந்த வெள்ளையின மாணவி பொலிஸைக் கூப்பிட்டார். வந்த பொலிஸாருக்குத் தன் அறையைத் திறப்பால் திறந்து காட்டிய பிறகும் அடையாள அட்டை கேட்கப்பட்டது. அவர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்ததால்தான் உலகம் அறிந்தது.

இதைவிடச் சிறியவை தினமும் நடக்கும். குழுவேலைக்கு ஆள் சேர்க்கும்போது கடைசியாக மிஞ்சுவது, வகுப்பில் இருக்கும் இரண்டு கறுப்பின மாணவர்களின் பெயரை விரிவுரையாளர் மாறி மாறிச் சொல்வது, கேட்காமல் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது, நல்ல கட்டுரை எழுதினால் 'எங்கே பார்த்து எழுதினாய்' என்று கேட்பது, விளையாட்டுப் புலமைப்பரிசிலில் வந்தவர் என்று நினைப்பது. ஹார்வர்ட் மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970களிலேயே இவற்றுக்குப் பெயர் வைத்து எழுதினார். தமிழில் நுண்தாக்குதல் என்கிறார்கள். ஒவ்வொன்றும் தனியே எடுத்தால் முறைப்பாடு செய்யும் அளவுக்கு இராது. சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

மகள் செய்யக்கூடியது: முதலில் தோழியைக் கேட்கட்டும், 'நான் இதில் பேசலாமா?' என்று. கேட்காமல் அவளுக்காகச் சண்டை பிடிக்கப் போனால், அடுத்த நாள் காவலாளியின் முகத்தைப் பார்க்கவேண்டியவள் அந்தப் பிள்ளைதான். அவள் சம்மதித்தால், அடுத்த தடவை காவலாளி கேட்கும்போது மகள் தன் அட்டையையும் எடுத்து நீட்டி, 'இரவு வரும் எல்லாரிடமும் பார்க்கிறீர்களா?' என்று தணிவாகக் கேட்கலாம். வாக்குவாதம் வேண்டாம். நாள், நேரம், காவலாளியின் பெயர் அல்லது இலக்கம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் போதும். பிறகு நூலகத்தின் இரவுநேர விதியை எழுத்தில் கேட்டு எடுங்கள். 'எல்லாருடைய அட்டையும் பார்க்கப்படும்' என்று விதி சொன்னால், மகளிடம் பார்க்காததே விதிமீறல், வேறு விளக்கம் தேவையில்லை. காவலாளிகள் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள் என்பதால் முறைப்பாடு வளாகப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கும் மனித உரிமை அல்லது சமத்துவ அலுவலகத்துக்கும் ஒன்றாகப் போகவேண்டும். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் மற்றவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

சாட்சி சொன்னதற்காக மகளைப் பழிவாங்குவதும் ஒன்ராறியோ மனித உரிமைக் கோவையின்படி தனி மீறல். அந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: பாடசாலைகளில் இனப்பிரிப்புச் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொல்லிவிட்டதே, பிறகும் ஒரு மாணவனைச் சேர்க்க ஏன் இராணுவம் வந்தது?
– உயர்தர மாணவி, பருத்தித்துறை

பதில்: தீர்ப்பு ஒருநாளில் வரும், பிள்ளை. அதை நடைமுறைப்படுத்த வேண்டியவன் விருப்பமில்லாதவனாக இருந்தால் அது தாளிலேயே கிடக்கும்.

1954க்கும் முன்னால் நடந்த ஒன்றைப் பாருங்கள். ஜோர்ஜ் மெக்லோரின் என்ற கறுப்பின ஆசிரியர் 1948இல் நீதிமன்ற உத்தரவோடு ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முனைவர் படிப்புக்குச் சேர்ந்தார். சேர்த்தார்கள், ஆனால் வகுப்பை ஒட்டிய ஒரு பக்க அறையில் இருத்தினார்கள். நூலகத்தில் மாடிப் பகுதியில் ஒரு தனி மேசை, சிற்றுண்டிச்சாலையில் தனி மேசை, தனி நேரம். விரிவுரை காதில் விழும், கரும்பலகை தெரியும், பிறகென்ன குறை என்பதுதான் பல்கலைக்கழகத்தின் வாதம். மற்ற மாணவர்களோடு கலந்து பேசி விவாதிக்க முடியாமல் செய்வது படிப்பையே குறைப்பது என்று 1950இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. யாழ்ப்பாணத்தில் 1920களிலும் 1930களிலும் நடந்த சம ஆசனப் போராட்டத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. ஒரே வகுப்பில் சாதி பார்த்துச் சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் நிலத்திலும் இருந்த காலம் அது. இங்கும் 'பள்ளிக்கூடத்துக்குள் விட்டிருக்கிறோம்தானே' என்ற அதே வாதம்தான் வைக்கப்பட்டது.

1956இல் ஓதரின் லூசி என்ற கறுப்பின மாணவி அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சில நாட்களில் கும்பல் கூடிக் கலவரம் செய்தது. பல்கலைக்கழகம் கலவரம் செய்தவர்களை விட்டுவிட்டு 'அவரது பாதுகாப்புக்காக' என்று லூசியை இடைநிறுத்தி, பின்னர் வெளியேற்றியது. அந்தத் தீர்மானம் 1988இல் இரத்தாகி, 1992இல் அதே இடத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1962இல் ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேரப் போனபோது மாநில ஆளுநரே தடுத்தார். கலவரத்தில் இருவர் இறந்தார்கள், ஜனாதிபதி கெனடி படையை அனுப்பினார். அடுத்த வருடம் கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி அலபாமா ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் பல்கலைக்கழக வாசலில் குறுக்கே நின்றார்.

கனடாவில் இதெல்லாம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கிங்ஸ்ரனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகம் 1918இல் கறுப்பின மருத்துவ மாணவர்களைத் தடைசெய்தது. அந்தத் தடை 1965 வரை நடைமுறையில் இருந்தது. ஏட்டிலிருந்து தீர்மானத்தை முறைப்படி நீக்கியது 2018இல், மன்னிப்புக் கேட்டது 2019இல்.

கேள்வி: தம்பி இங்கிலாந்தில் முதலாம் வருடம். விடுதி வட்ஸ்அப் குழுவில் சிம்பாப்வே மாணவன் ஒருவனைக் குரங்குப் படம் போட்டுக் கேலி செய்கிறார்கள். இரண்டு தரம் கதவடியில் நின்று கத்தியும் இருக்கிறார்கள். விடுதிப் பொறுப்பாளரிடம் வாயால் சொன்னார்களாம், 'பார்க்கிறோம்' என்றாராம். மூன்று கிழமை போய்விட்டது. இனி என்ன செய்யலாம்?
– வட்டுக்கோட்டை வாசகர்

பதில்: மூன்று கிழமை போனது நட்டம்தான், ஆனால் எதுவும் கைவிட்டுப் போகவில்லை. இப்படியான முறைப்பாடுகள் தோற்கும்போது, 'நடக்கவே இல்லை' என்று தோற்பது குறைவு. எழுத்தில் இல்லை, திகதி தெரியாது, காலம் கடந்துவிட்டது என்றுதான் தோற்கின்றன. ஆகவே இந்தப் பதில் நீளமாக இருக்கும்.

முதலில் சான்று. குழுவிலிருந்து யாரும் கோபத்தில் வெளியேற வேண்டாம். வெளியேறினால் அடுத்து வருவது தெரியாமல் போகும். உரையாடல் முழுவதையும் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி வட்ஸ்அப்பிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்தி எடுத்து வையுங்கள். தானாக அழியும் செய்தி போடப்பட்டிருந்தால் உடனே திரையைப் படம் பிடித்து (ஸ்கிரீன்ஷொட்) வைக்கவேண்டும். பெயர், இலக்கம், திகதி, நேரம் தெரியவேண்டும், படத்தை மட்டும் வெட்டி எடுத்தால் யார் போட்டது என்று நிறுவ முடியாது. அந்தப் படங்களை வேறு நண்பர்களுக்கு அனுப்பி 'பார்த்தாயா' என்று கேட்கவும் வேண்டாம். பரப்பியவர் பட்டியலில் உங்கள் பெயரும் சேரும்.

கதவடியில் கத்தியதற்கு: வழியில் கண்காணிப்புக் கமரா இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் பதிவு ஏறக்குறைய ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும். மூன்று கிழமை என்கிறீர்கள், எனவே இன்றே பாதுகாப்பு அலுவலகத்துக்கு மின்னஞ்சல்: இந்தத் திகதி, இந்த நேரம், இந்த மாடி, பதிவை அழிக்காமல் வைக்கவும். மீண்டும் கத்தினால் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே ஒலிப்பதிவு செய்யலாம். 2018இல் நொட்டிங்ஹம் ட்ரென்ட் பல்கலைக்கழக விடுதியில் ஒரு கறுப்பின மாணவி அப்படித்தான் செய்தார். அந்தப் பதிவு வெளிவந்த பின் இருவர் கைதானார்கள்.

அடுத்தது குறிப்பு. பாதிக்கப்பட்டவரும் கண்டவர்களும் தனித்தனியே எழுதவேண்டும், கூடி இருந்து ஒரே வசனத்தில் எழுதினால் சொல்லிக்கொடுத்து எழுதியதாகத் தெரியும். சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதுங்கள். 'கெட்ட வார்த்தை பேசினார்கள்' என்று மரியாதையாக எழுதுவது எங்கள் பிள்ளைகளின் வழக்கம். அதை வாசிக்கும் அதிகாரிக்கு அது வெறும் விடுதிச் சண்டை.

பிறகுதான் கடிதம். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. எந்தத் திகதியில் என்ன நடந்தது, பொறுப்பாளரிடம் எப்போது சொன்னோம், அவர் என்ன சொன்னார், பல்கலைக்கழகம் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறோம். 'இது இனரீதியான தொந்தரவு' என்ற சொற்றொடரும் '2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம்' என்ற பெயரும் கடிதத்தில் இருக்கவேண்டும். இவை இல்லாவிட்டால் ஒழுக்காற்றுக் கோப்பில் 'சத்தம் போட்டது' என்று பதிவாகிவிடும். சாப்பாடு, வாடகை, குளிர்காலச் சூடேற்றி என்று மற்றக் குறைகளை இதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில் இருந்து அனுப்பி, சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போடுங்கள். படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படும், சான்று அதோடு போய்விடும்.

இணையத்தில் பெயர் சொல்லாமல் முறையிடும் படிவம் பல இடங்களில் உண்டு. அது புள்ளிவிபரத்துக்கு உதவும். ஒருவரைத் தண்டிக்க அது போதாது, ஏனென்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு முறைப்பாடு செய்தாகிவிட்டது என்று காத்திருப்பவர்கள் நிறைய.

கால எல்லைகளைக் கலண்டரில் எழுதுங்கள். முறையான விசாரணையும் அதன் மீளாய்வும் சேர்ந்து 90 நாட்களில் முடியவேண்டும் என்பது இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகங்களுக்கான வழிகாட்டல். முடிந்ததும், உள்நடைமுறை முடிந்துவிட்டது என்று சொல்லும் 'கொம்ப்ளீஷன் ஒஃப் புரொசீஜர்ஸ்' என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொண்டு உயர்கல்விக்கான சுயாதீன மத்தியஸ்தர் அலுவலகத்துக்கு 12 மாதத்துக்குள் போகலாம், கட்டணம் இல்லை. நீதிமன்றம் போவதென்றால் சம்பவ நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக. அந்த ஆறு மாதத்துக்குள் மத்தியஸ்தரிடம் போயிருந்தால் எல்லை ஒன்பது மாதமாக நீளும். உள்விசாரணை நடக்கிறது என்பதற்காக இந்த மணிக்கூடு நிற்காது. பலர் விழும் குழி இதுதான். அடித்தாலோ, அடிப்பேன் என்று மிரட்டினாலோ பல்கலைக்கழகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் பொலிஸுக்குச் சொல்லவேண்டும்: அவசரத்துக்கு 999, மற்றதற்கு 101.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. தன்னைப் பற்றிப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் மின்னஞ்சல்களையும் குறிப்புகளையும் பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இலவசமாகக் கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். 'பார்க்கிறோம்' என்ற பொறுப்பாளர் உண்மையில் பார்த்தாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

இது அரிதான ஒன்று என்று தம்பிக்கு யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பிரித்தானிய சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு 2019இல் வெளியிட்ட அறிக்கையில், சிறுபான்மை இன மாணவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் படிப்புத் தொடங்கியபின் இனரீதியான தொந்தரவுக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பின மாணவர்களில் அது 29 சதவீதம்.

கேள்வி: மகன் படிக்கும் பீடத்தில் ஒரு விரிவுரையாளர் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே புள்ளி குறைக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்களாம். புள்ளியை எதிர்த்து எப்படி முறையிடுவது?
– மொன்றியலில் வசிக்கும் நல்லூர் வாசகர்

பதில்: நீங்கள் இருக்கும் நகரத்திலேயே இதற்குப் பெரிய சரித்திரம் உண்டு. இன்றைய கொன்கோர்டியாவின் ஒரு பகுதியாகிய சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தில் 1968இல் கரிபியன் தீவுகளைச் சேர்ந்த ஆறு மாணவர்கள், உயிரியல் விரிவுரையாளர் ஒருவர் இனம் பார்த்துப் புள்ளி போடுகிறார் என்று முறையிட்டார்கள். நிர்வாகம் மாதக்கணக்கில் இழுத்தது. விசாரணைக் குழுவில் யார் இருப்பது என்பதிலேயே நம்பிக்கை உடைந்தது. 1969 சனவரி 29இல் மாணவர்கள் ஒன்பதாம் மாடியிலிருந்த கணினி மையத்தைப் பிடித்து உட்கார்ந்தார்கள். பெப்ரவரி 11இல் பொலிஸ் உள்ளே புகுந்தது, தீப்பற்றியது, 97 பேர் கைதானார்கள். விரிவுரையாளர் குற்றமற்றவர் என்று குழு பின்னர் முடிவு சொன்னது. கைதானவர்களில் ரோசி டக்ளஸ் சிறையிருந்து, நாடுகடத்தப்பட்டு, 2000இல் டொமினிக்கா நாட்டின் பிரதமரானார். மாணவர்களை நடத்திய விதத்துக்காகப் பல்கலைக்கழகம் 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது. 53 வருடம்!

எங்கள் பார்வையில், அங்கே தீ வைத்தது யார் என்ற கேள்வியைவிட முறைப்பாடு எத்தனை மாதம் மேசையில் கிடந்தது என்ற கேள்வி பெரிது.

உங்கள் மகனின் விடயத்துக்கு வருவோம். புள்ளி மேன்முறையீடும் பாகுபாட்டு முறைப்பாடும் இரண்டு வேறு பாதைகள், வேறு படிவங்கள், வேறு கால எல்லைகள். மேன்முறையீட்டுக்கான காலம் பெரும்பாலும் கிழமைக்கணக்கில்தான். 'இந்தக் கட்டுரைக்கு 70 தகும்' என்று வாதிட்டால் அது பேராசிரியரின் கல்விசார் தீர்ப்பு என்று கதவை மூடுவார்கள். எதிர்க்கவேண்டியது நடைமுறையை: புள்ளித்திட்டம் எல்லாருக்கும் ஒன்றாகப் பயன்பட்டதா, பிந்திக் கொடுத்தவர்களில் சிலருக்கு மட்டும் புள்ளி வெட்டப்பட்டதா, இரண்டாவது திருத்துநர் பார்த்தாரா, பெயர் மறைத்துத் திருத்தப்பட்டதா. நான்கைந்து மாணவர்கள் தங்கள் விடைத்தாள்களைத் திருத்தக் குறிப்புகளோடு அருகருகே வைத்து, ஒரே பிழைக்கு எத்தனை புள்ளி போனது என்று அட்டவணை போடட்டும். வேறுபாடு இருந்தால் அதில் தெரியும். தெரியாவிட்டால், பேச்சை மட்டும் நம்பி ஒருவர் மேல் குற்றம் சாட்டக்கூடாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கனடாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் 2021இல் கறுப்பினத்தவருக்கு எதிரான இனவாதத்தை ஒழிப்பதற்கான சாசனம் ஒன்றில் ஒப்பமிட்டன. பெயர் ஸ்காபரோ சாசனம். எங்கள் சனம் நிறைந்த அதே ஸ்காபரோதான். மகனின் பல்கலைக்கழகம் ஒப்பமிட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒப்பமிட்டிருந்தால் முறைப்பாட்டில் அதை மேற்கோள் காட்டுங்கள்.

கேள்வி: மகன் ரெக்சாஸில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். கறுப்பின மாணவர் சங்கத்தோடு சேர்ந்து ஒரு முறைப்பாட்டில் கையெழுத்து வைக்கப் போகிறானாம். விசாவுக்குப் பங்கம் வராதா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: அம்மா, முறைப்பாட்டில் கையெழுத்து வைப்பது வேறு, தெருவில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்வது வேறு. முறைப்பாடு செய்வதை 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு பாதுகாக்கிறது. மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் இனம், நிறம், தேசியப் பூர்வீகம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது, முறையிட்டவரைப் பழிவாங்கவும் கூடாது. இந்தப் பாதுகாப்பு வெளிநாட்டு மாணவருக்கும் உண்டு. ஆர்ப்பாட்டம் என்று வந்தால், 2025இல் சில வெளிநாட்டு மாணவர்களின் விசா இரத்தான பின் நிலைமை முன்போல இல்லை. பங்குபற்றுமுன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்பது நல்லது.

விசாவை உண்மையில் கெடுப்பது வேறொன்று. மன உளைச்சலில் ஒரு பாடத்தை விட்டுவிடுவார்கள். இளமாணி மாணவர் ஒருவர் தவணைக்குப் பொதுவாக 12 கிரெடிட்டுக்குக் குறைந்தால் மாணவர் விசாவின் நிபந்தனை உடையும். பாடத்தை விடுவதற்கு முன்னரே வெளிநாட்டு மாணவர் ஆலோசகரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். விட்டபின் வாங்க முடியாது.

ரெக்சாஸில் இன்னொரு சிக்கல். 2023இல் நிறைவேறி 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டத்தால் அரச பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்கள் மூடப்பட்டன. பழைய கைநூலைப் பார்த்து அங்கே மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. மாணவர் பீடாதிபதி அலுவலகத்தையும், ஆறாம் பிரிவு முறைப்பாடுகளுக்குப் பொறுப்பான இணைப்பாளரையும் தேடிப்பிடியுங்கள். வெளியே போவதென்றால் மத்திய கல்வித் திணைக்களத்தின் குடிசார் உரிமைகள் அலுவலகம், சம்பவத்திலிருந்து 180 நாட்களுக்குள். 2025இல் அந்த அலுவலகத்தின் பன்னிரண்டு பிராந்தியக் கிளைகளில் ஏழு மூடப்பட்டன, எனவே விரைவான முடிவை எதிர்பார்க்க வேண்டாம். அரச பல்கலைக்கழகம் என்பதால் பேச்சுச் சுதந்திரம் என்ற பதிலும் வரும். ஒரு தடவை சொன்ன அருவருப்பான கருத்துக்குத் தண்டனை கிடைப்பது அங்கே கடினம். ஒருவரைக் குறிவைத்துத் தொடர்ந்து செய்து, அவர் படிக்கவே முடியாத நிலை வந்தது என்று காட்டவேண்டும்.

மாணவர்கள் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு 2015 மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். ஒரு மாணவர் உண்ணாவிரதம் இருந்தார், கூடாரங்கள் அடித்தார்கள், நிர்வாகம் அசையவில்லை. கறுப்பினக் காற்பந்தாட்ட வீரர்கள் 'இனி ஆடமாட்டோம்' என்றார்கள். ஓர் ஆட்டம் நின்றால் பத்து இலட்சம் டொலர் கட்டவேண்டும். இரண்டு நாளில் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். இதில் நீதி எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கறுப்பினப் பிள்ளைகளைத் தாக்குவது வெள்ளைக்காரர் மட்டுமா? பெங்களூரில் படிக்கும் மருமகன் வேறு கதை சொல்கிறான்.
– கோண்டாவில் வாசகி

பதில்: மருமகன் சொல்வது சரி. 2016 சனவரியில் பெங்களூரில் ஒரு சூடான் நாட்டவரின் கார் மோதிப் பெண்ணொருவர் இறந்தார். பின்னர் அந்த வழியால் வந்த, விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தான்சானிய மாணவியைக் கும்பல் இழுத்து அடித்தது, உடையைக் கிழித்தது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஓர் இளைஞனின் மரணத்தை வைத்துக் கிளம்பிய வதந்தியில் நைஜீரிய மாணவர்கள் கடைத்தொகுதிக்குள் கதிரைகளால் அடிக்கப்பட்டார்கள். இரண்டிலும் ஒரே அச்சு: ஒருவன் செய்தது என்றதும் அந்த நிறத்தவர் எல்லாரும் குற்றவாளி.

அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு: பக்கத்து அறையில் ஆபிரிக்க மாணவர் இருந்து, தெருவில் கூட்டம் சேர்வதைக் கண்டால் 112க்கு அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். கூட்டத்தின் நடுவில் போய் நியாயம் பேச நிற்காதீர்கள், அவரை உள்ளே எடுத்துக் கதவைப் பூட்டுங்கள். வீட்டுக்காரர் 'ஆபிரிக்கருக்கு அறை இல்லை' என்று சொல்லும்போது எங்கள் பிள்ளைகளுக்கு அறை எளிதில் கிடைக்கிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கேள்வி: பேத்தி ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நான் அவளது சிநேகிதியைக் 'காப்பிலிப் பிள்ளை' என்றதும் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை. நான் வழக்கமாகச் சொல்வதைத்தானே சொன்னேன்?
– அம்மம்மா, அச்சுவேலி

பதில்: அம்மா, வழக்கம்தான். ஆனால் கேட்பவருக்கு அது வசை. 'கறுவல்' என்பதும் அப்படியே. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் வளாகத்தில் இவற்றுக்கெதிராகக் கையெழுத்து வேட்டை நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து இவற்றையே கேட்கிறார்கள். சிநேகிதியின் பெயரைக் கேட்டுப் பெயரால் சொல்லுங்கள். பேத்தி சாப்பிடுவாள்.

கேள்வி: கறுப்பினத்தவருக்கென்றே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றனவாமே, அங்கே நாங்கள் விண்ணப்பிக்கலாமா?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: தாராளமாக. அமெரிக்காவில் நூறு அளவில் இருக்கின்றன. 1964க்கு முன் கறுப்பினத்தவரின் கல்விக்காகத் தொடங்கியவை என்று 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் அவற்றை வரையறுக்கிறது. எந்த இனத்தவரும் சேரலாம், சேர்ந்தும் இருக்கிறார்கள். மூத்தது பென்சில்வேனியாவின் செய்னி, 1837. வொஷிங்ரனின் ஹவார்ட் 1867. ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறோம், தம்பி. அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டைச் செமினரியில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதமும் வானசாஸ்திரமும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது 1823இல். அவர்களது நாட்டிலேயே, தென் கரோலைனாவில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1834இல் வந்தது.

கேள்வி: எங்கள் கம்பஸில் கறுப்பின மாணவர்கள் இல்லை. சிங்கள, முஸ்லிம், மலையகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை இனத்தையோ ஊரையோ சொல்லி அவமதித்தால் இங்கே என்ன வழி? சாதி சொல்லி நடத்தினால்?
– மூன்றாம் வருட மாணவி, திருநெல்வேலி

பதில்: கேட்டதற்கு நன்றி, பிள்ளை. பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலை மறக்காத ஊர் இது. 2016 யூலையில் வரவேற்பு விழா நடனத்தை வைத்து இதே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ், சிங்கள மாணவர்கள் மோதிக்கொண்டதும் மறந்திருக்காது.

புதுமுக மாணவர்களுக்கு மூத்த மாணவர்கள் செய்வதென்றால் முதல் ஆயுதம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம். பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை சிறை, பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை. பொலிஸ் முறைப்பாடு செய்யலாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் நேரடியாக அறிவிக்கலாம். சாதி சொல்லி ஒதுக்கினால் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இருக்கிறது. இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

விரிவுரையாளரோ நிர்வாகமோ செய்தால் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் பார்த்து எந்தப் பிரசைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது. அடிப்படை உரிமை மனு அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் போகும், சக மாணவனுக்கு எதிராகப் போகாது. ஆனால் நீங்கள் எழுத்தில் முறையிட்டும் நிர்வாகம் சும்மா இருந்தால், அந்தச் சும்மா இருந்ததையே கேள்விக்குட்படுத்தலாம். அதற்காகத்தான் மாணவர் ஆலோசகரிடம் வாயால் சொல்லாமல் பீடாதிபதிக்கும் துணைவேந்தருக்கும் கடிதம் போகவேண்டும் என்கிறோம்.

உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். கொழும்புக்குப் போய் வழக்கறிஞர் பிடிப்பதற்குள் அது முடிந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.